ஒற்றைக் கைத் தண்டால்: வீட்டுப் படியா, வில் தண்டாலா, இரும்பா?

கன்னியாகுமரி மாவட்டத்து அருமனையைத் தாண்டி, கேரள எல்லைக்கு நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில் என் சித்தி வீடு இருக்கிறது. சித்தி மகனுக்கு ரப்பர் பால் வெட்டும் வேலை. வயது 24, எடை 64 கிலோ. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குவான். சுமார் 300 மரங்களை வெட்டி, பால் எடுத்து, உறை ஊற்றி, முந்தைய நாள் உறைந்ததை உருளையில் கொடுத்து ஷீட் ஆக்கி முடிக்கும்போது வெயில் ஏறியிருக்கும். போன ஓணத்துக்கு நான் போயிருந்தபோது, மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்புமாகச் சாப்பிட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில் கேட்டான்: “அண்ணா, ஒரே கையில் தண்டால் எடுக்கப் பழக வேண்டும். மார்த்தாண்டத்தில் ஜிம்மில் சேரவா, இங்கேயே பார்த்துக்கொள்ளலாமா?”

முற்றத்திலேயே எடுத்துக் காட்டச் சொன்னேன். இரண்டு கைகளால் 35 தண்டால் எடுத்தான். இடுப்பு தொங்கவில்லை, கழுத்து மடங்கவில்லை, மார்பு தரைக்கு ஒரு விரற்கடை வரை இறங்கி ஏறியது. நல்ல தண்டால். பிறகு ஒரு கையை முதுகில் கட்டிக்கொண்டு முயன்றான். பாதி தூரம் இறங்குவதற்குள் உடம்பு ஒரு பக்கமாகச் சுழன்று தோள் மண்ணில் மோதியது. அவனுக்கு அது புரியவில்லை. “கையில் பலம் இருக்கிறது, ஆனால் உடம்பு நிற்க மாட்டேன் என்கிறது” என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் பாதிப் பதிலை அவனே சொல்லிவிட்டான். மீதிப் பாதிக்காக, அவன் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்த்தோம். அன்று பேசியதையும் அதற்குப் பிறகு பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கையில் விழும் சுமையின் கணக்கு. தண்டால் நிலையில் நம் முழு எடையும் கைகளுக்கு வருவதில்லை, ஒரு பங்கு பாதங்களுக்குப் போகிறது. 2011 இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. தரையில் எடுக்கும் சாதாரணத் தண்டாலில் உடல் எடையின் சுமார் 64 விழுக்காடு கைகளில் விழுகிறது. கைகளை 30 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் அது 55 விழுக்காடாகிறது, 60 சென்டிமீட்டர் உயரத்தில் 41 விழுக்காடு. தம்பியின் 64 கிலோவுக்குக் கணக்கிட்டால் தரையில் இரு கைகளுக்குமாக 41 கிலோ, ஒரு கைக்கு இருபதரை. மறு கையை எடுத்துவிட்டால் அந்த 41 கிலோவும் ஏறக்குறைய அப்படியே ஒரே கையில் வந்து இறங்குகிறது. ஆகவே இரண்டு கைத் தண்டாலை 35 இலிருந்து 70 ஆக்கினாலும் ஒற்றைக் கை வந்துவிடாது. எண்ணிக்கையைக் கூட்டினால் கூடுவது தாக்குப்பிடிக்கும் சக்தி. இங்கே வேண்டியது ஒரே தடவையில் இரட்டைச் சுமையைத் தூக்கும் பலம். தினமும் நூறு எடுத்துக்கொண்டே வருடக்கணக்காக ஒற்றைக் கைக்குக் காத்திருக்கும் இளைஞர்களை எங்கள் பக்கம் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களின் உழைப்பு வீணாவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை.

சுமையைவிடப் பெரிய சிக்கல் முறுக்கம். இரண்டு கை, இரண்டு கால் என்று நாலு மூலையிலும் ஊன்றியிருக்கும்போது உடம்பு கட்டில் மாதிரி நிற்கிறது. ஒரு கையை எடுத்ததும் கட்டிலின் ஒரு கால் போனதற்குச் சமம். கை இல்லாத பக்கம் உடம்பு சரிகிறது, நெஞ்சு திரும்பப் பார்க்கிறது. அதைத் தடுப்பவை விலாவை ஒட்டிய தசைகள், வயிற்றின் சாய்வுத் தசைகள், முதுகின் அகன்ற தசை, ஊன்றிய கைக்கு எதிர்ப்பக்கத்துப் பிட்டமும் தொடையும். வலது கை ஊன்றியிருந்தால் இடது கால் தரையை அழுத்திப் பிடிக்க வேண்டும். சிறு வயதில் எங்கள் ஊரில் அடிமுறை என்னும் தற்காப்புக் கலையைக் கற்றவர்களுக்கு இது உடனே விளங்கும். கைவீச்சுக்கு முன்னால் ஆசான் சுவடுதான், அதாவது கால் வைக்கும் முறைதான், கற்றுத் தருவார். மாதக்கணக்கில் ஒற்றைச் சுவடும் கூட்டச் சுவடும் வைத்துக் கால் ஓய்ந்த பிறகுதான் கைக்கு வருவார். ஒற்றைக் கைத் தண்டாலும் அப்படிப்பட்டதுதான். பார்ப்பவர் கண்ணில் படுவது கை, வேலை நடப்பது காலிலும் இடுப்பிலும்.

எனவே எந்த வழியைத் தேர்ந்தாலும் நான் கேட்பவை இரண்டு. சுமையைச் சிறுகச் சிறுக, அளவு தெரிந்து ஏற்ற முடிகிறதா? முறுக்கத்தை எதிர்க்க உடம்புக்கு முதல் நாளிலிருந்தே பாடம் கிடைக்கிறதா? தம்பிக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு: மறுநாள் விடிகாலையில் கை கத்தியைப் பிடிக்குமா?

முதலில் நான் வேண்டாம் என்று சொன்ன வழியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நானே விழுந்திருக்கிறேன். ஏற முடியாவிட்டாலும் இறங்க முடியும், ஆகவே ஒரு கையால் மெதுவாக இறங்கு, இரண்டு கைகளால் ஏறு, இப்படியே செய்தால் பலம் தானாக வரும் என்பது அந்த வழி. சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. தசையால் தூக்க முடிகிற சுமையைவிட அதிகமான சுமையைத் தாங்கி இறக்க முடியும். 2012 இல் ஒரு ஜிம்மில் பயிற்சி தந்தவர் எனக்கு இதைத்தான் சொன்னார். நாளொன்றுக்கு ஒரு கைக்கு பத்து இறக்கம், வாரம் ஐந்து நாள். மூன்றாவது வாரத்தில் முழங்கையின் உட்பக்கம் ஊசி குத்துவதுபோல ஆரம்பித்தது. சாதாரணத் தசை வலி என்று நினைத்துத் தொடர்ந்தேன். ஐந்தாவது வாரம் கிணற்றில் வாளிக் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. வண்டிச் சாவியைத் திருப்ப இடது கையைப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. சரியாக நாலு மாதம் பிடித்தது. தசை சில வாரங்களிலேயே பலம் பெறத் தொடங்கிவிடும். அதை எலும்போடு கட்டும் தசைநார் அந்த வேகத்துக்கு வருவதில்லை, மாதங்கள் எடுக்கும். இறக்கத்தை மட்டும் வைத்துப் பழகினால், தசைநார் தயாராகும் முன்பே முழுச் சுமையையும் அதன் தலையில் போடுகிறோம். போதாததற்கு, இறக்கப் பயிற்சி தரும் தசை வலி அன்றே வராமல், அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்கு வரும். அந்த வலியோடு 300 மரங்களின் பட்டையைச் சீவுகிறவன், காயம் ஆழமாகிவிடாமல் கத்தியை ஓட்ட முடியாது. பட்டைக்கு அடியில் இருக்கும் மென்படலத்தில் கத்தி பட்டால் மரம் வருடக்கணக்கில் அந்த வடுவைச் சுமக்கும். இறக்கம் முற்றிலும் தீண்டத்தகாதது என்று சொல்லவில்லை. கடைசிக் கட்டத்தில், தரையில் ஒன்று எடுக்க இன்னும் ஒரு நூல்தான் பாக்கி என்கிற நிலையில், வாரம் ஒரு நாள் இரண்டோ மூன்றோ செய்யலாம். முதல் படியாக அதை வைக்கக் கூடாது.

அடுத்தது வில் தண்டால். கைகளை நன்றாக அகட்டி ஊன்றி, ஒரு கையை மடக்கி அந்தப் பக்கமாக இறங்குவது. மற்றக் கை வில்லின் தண்டு மாதிரி நீண்டு நிற்கும். பார்க்க அழகானது. காணொளிகளில் அதிகம் காட்டப்படுவதும் இதுதான். மார்புத் தசைக்கும் தோளுக்கும் நல்ல வேலை தருகிறது. தம்பி முதல் நாளே பக்கத்துக்கு ஆறு எடுத்தான். மனசுக்கு ஊக்கம் தருகிற பயிற்சி, அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் என் இரண்டு கேள்விகளிலும் அது தடுமாறுகிறது. நீட்டிய கை எவ்வளவு சுமையை வாங்கிக்கொள்கிறது என்று நமக்குத் தெரியாது. எடை பார்க்கும் சிறு இயந்திரத்தை நீட்டிய கையின் உள்ளங்கைக்கு அடியிலும், அதே உயரத்துக்கு ஒரு பலகையை மடக்கும் கைக்கு அடியிலும் வைத்து எடுக்கச் சொன்னேன். முதல் இரண்டு தண்டாலில் முள் தாழ்வாக நின்றது. களைப்பு ஏற ஏற முள்ளும் ஏறியது. மடக்கிய கை சோர்ந்ததும் நீட்டிய கை அவனுக்கே தெரியாமல் பாரத்தைத் திருடிக்கொண்டது. எடுத்தேன் என்று அவன் எண்ணிய அத்தனையும் உண்மையானவை இல்லை. இரண்டாவது, நீட்டிய கை தரையில் ஊன்றியிருக்கும் வரை கட்டிலுக்கு நாலு கால்களும் இருக்கின்றன. முறுக்கம் வரவே வராது. வில் தண்டால் பத்து எடுப்பவர்கள் ஒற்றைக் கையில் இறங்கியதும் சுழன்று விழுவதன் காரணம் இதுதான். இன்னொன்று, கைகளை மிகவும் அகட்டி, முழங்கையை வெளியே தள்ளி இறங்கும்போது தோளின் முன்பக்கம் இழுபடும். தோளில் பழைய வலி உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. துணைப் பயிற்சியாக வாரம் ஒருநாள் வைத்துக்கொள்ளலாம். இதையே முதன்மை வழியாக எடுத்தால் இலக்குக்குப் பக்கத்துத் தெருவில் போய் நின்றுவிடுவோம்.

மறு கையை ஒரு செங்கல்லின் மேலோ பந்தின் மேலோ லேசாக வைத்துக்கொண்டு எடுப்பதும் இதே குடும்பம்தான், இதே குறைதான். வேகமாகக் கடந்து போகிறேன்.

இரும்பு விஷயம் வேறு. பெஞ்ச் பிரஸ்ஸில், அதாவது பலகையில் மல்லாந்து படுத்து எடைக் கம்பியை மேலே தள்ளும் பயிற்சியில், சுமையைக் கிலோவிலேயே சொல்லலாம். போன வாரம் 50, இந்த வாரம் 52.5 என்று எழுதி வைக்கலாம். மார்பும் தோளும் கையின் பின்தசையும் பருக்க வேண்டும் என்பதுதான் ஒருவரின் ஆசையென்றால் அவரை நான் தயங்காமல் ஜிம்முக்குத்தான் அனுப்புவேன். தம்பியிடமும் அதைக் கேட்டேன்: “உடம்பு பெரிதாகத் தெரிய வேண்டுமா, இந்த ஒரு வித்தை கைவர வேண்டுமா?” அவன் யோசிக்கவே இல்லை. வித்தைதான் வேண்டுமாம். அப்படியென்றால் பெஞ்ச் அவனுக்கு நேர்வழி ஆகாது. பெஞ்சில் மல்லாந்து படுத்தவனின் முதுகைப் பலகை தாங்குகிறது. இடுப்பும் விலாவும் அவ்வளவாக உழைக்க வேண்டியதில்லை. நூறு கிலோ தூக்குகிற ஒருவர் ஒற்றைக் கைத் தண்டாலில் சரிந்து விழுந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அவரிடம் பலம் போதாமல் இல்லை. அந்த வடிவத்தில் நிற்க அவர் உடம்பு பழகவில்லை, அவ்வளவுதான். இவை தவிர, மார்த்தாண்டத்துக்குப் போகவர பஸ்ஸில் செலவாகும் நேரம், மாதக் கட்டணம், காலையில் மூன்று மணிக்கு எழுகிறவன் இரவு ஒன்பதுக்குத் திரும்புவது. அவன் தூக்கத்தைத் தின்னும் பயிற்சி அவனுக்குப் பலம் தராது.

இரும்புக்கு ஏழையின் மாற்று ஒன்று உண்டு. பள்ளிக்கூடப் பையில் மணல் கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு இரு கைத் தண்டால் எடுப்பது. பத்து கிலோ மணல் என்றால் அதன் பெரும்பங்கு கைகளுக்கு வருகிறது. மலிவானது, அளக்கக்கூடியது, நல்லது. முறுக்கம் மட்டும் இங்கும் இல்லை.

இனி நான் தேர்ந்த வழி. சித்தி வீடு மேட்டில் இருக்கிறது. எங்கள் பக்கத்து வீடுகள் பல அப்படித்தான், சாலையிலிருந்து முற்றத்துக்குக் கருங்கல் படிகள் ஏறும். சித்தி வீட்டில் ஆறு படிகள், ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, அளந்து பார்த்தால் 20 சென்டிமீட்டர். கீழே தரையில் கால் ஊன்றி, மேலே ஒரு படியில் ஒரே கையை வைத்து, முழு ஒற்றைக் கைத் தண்டாலையே எடுப்பது. உயரமான படியில் எளிது. கீழ்ப் படிக்கு வர வரக் கடினம். கடைசியில் தரை.

மேலே சொன்ன கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். மூன்றாவது படி 60 சென்டிமீட்டர். அங்கே கைக்கு வருவது 64 கிலோவில் 41 விழுக்காடு, அதாவது சுமார் 26 கிலோ. தம்பி தரையில் இரு கைத் தண்டால் எடுக்கும்போது ஒவ்வொரு கையும் இருபதரை கிலோவைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆக மூன்றாவது படியில் ஒரு கைக்குக் கூடுவது ஐந்தரை கிலோதான். அவனால் முடிந்த எல்லைக்குள் வருகிற எண்ணிக்கை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவிலான 30 சென்டிமீட்டரில் அது 35 கிலோ ஆகிறது, தரையில் 41. ஒரே பாய்ச்சலில் தாண்ட வேண்டியிருந்த தூரம் இப்போது மிதிக்கத்தக்க படிகளாகப் பிரிந்துவிட்டது. படிகளுக்கு நடுவே தாவல் பெரிதாகத் தெரிந்தால் ஒரு பலகையோ இரண்டு செங்கல்லோ வைத்துப் பாதிப் படி உண்டாக்கிக்கொள்ளலாம். முறுக்கமோ முதல் நாள் முதல் தண்டாலிலேயே வந்துவிடுகிறது, ஆனால் சிறிய அளவில். உடம்பு பயப்படாமல் கற்றுக்கொள்கிறது. சுமையும் முறுக்கமும் கைகோத்து ஒன்றாக வளரும் வழி, எனக்குத் தெரிந்தவற்றில் இது ஒன்றுதான். இதனாலேயே எல்லாவற்றுக்கும் மேலாக இதை வைக்கிறேன்.

தம்பியை நான் ஐந்தாவது படியில் ஆரம்பிக்கச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. இத்தனை எளிதிலா என்றான். எளிதாக இருக்கும்போதுதான் வடிவத்தைக் கற்க முடியும். சுமை ஏறிய பிறகு உடம்பு தப்பிப்பதற்கு மட்டுமே வழி தேடும்.

வடிவம் என்றால் இவை. உள்ளங்கை தோளுக்கு வெளியே போகாமல் மார்புக்கு நேர் கீழே, விரல்கள் விரிந்து, கல்லைப் பற்றிக்கொள்வதுபோல அழுத்தி இருக்க வேண்டும். கால்களைத் தோள் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு, தொடக்கத்தில் இரண்டு மடங்குகூட அகட்டலாம். நாளாக நாளாகக் குறுக்கிக்கொண்டே வர வேண்டும். முழங்கை விலாவை உரசி இறங்க வேண்டும். சும்மா இருக்கும் கையை முதுகிலோ தொடைமேலோ வைத்துக்கொள்ளலாம். முதுகில் வைப்பதைவிடத் தொடையை இறுகப் பற்றிக்கொண்டால் தொடக்கக்காரர்களுக்கு உடம்பு முழுவதும் இறுகிக் கிடைக்கிறது என்பது என் அனுபவம். இரண்டு தோள்களும் படிக்கு இணையாக, ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஊன்றிய தோள் மட்டும் கீழே போய், மறு தோள் வானத்தைப் பார்த்தால் அது தண்டால் ஆகாது. வீட்டில் யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். சித்தி இதற்கென்றே மாலையில் முற்றத்தில் வந்து நிற்கிறார், “இடது தோள் ஏறுகிறது” என்று சத்தம் போடுகிறார். இதைவிட நல்ல பயிற்சியாளர் கிடைக்க மாட்டார்.

இறங்கும்போது மூச்சை இழுத்து, ஏறும்போது விட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் ரத்த அழுத்தம் அந்த நேரத்துக்கு வெகுவாக ஏறும். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

எத்தனை, எப்போது என்றால்: வாரம் மூன்று நாள், நடுவில் குறைந்தது ஒருநாள் இடைவெளி. ஒரு கைக்கு ஐந்து சுற்று, சுற்றுக்கு மூன்று முதல் ஐந்து. சுற்றுகளுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் உட்கார வேண்டும். இளைஞர்களுக்கு இந்த உட்காருதல் பொறுக்காது, ஆனால் பலத்துக்காகச் செய்யும் பயிற்சியில் ஓய்வும் பயிற்சியில் சேர்ந்ததுதான். ஐந்து சுற்றிலும் ஐந்தைந்து சுத்தமாக வந்த பிறகுதான் ஒரு படி இறங்கலாம். நேரம் மாலை. தம்பிக்குக் காலை வேலையில் கை ஏற்கெனவே உழைத்துவிடுகிறது. நாலு மணிக்கு மேல் ஒரு கட்டஞ்சாயா குடித்துவிட்டு, தோளையும் மணிக்கட்டையும் பத்து நிமிடம் சுழற்றி, இரு கைத் தண்டால் பத்து எடுத்துச் சூடாக்கிய பிறகே படிக்கு வர வேண்டும். ஜூனிலும் அக்டோபரிலும் இங்கே கொட்டும் மழையில் கருங்கல் வழுக்கும், பாசியும் பிடிக்கும். அந்த நாட்களில் படியைத் தொடக் கூடாது. உள்ளே கனமான மரப்பெட்டியோ அடுக்களைத் திட்டோ உயரத்துக்கு உதவும்.

மணிக்கட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளங்கையைச் சமதளத்தில் ஊன்றும்போது மணிக்கட்டு ஏறத்தாழ நேர்கோணத்தில் மடிகிறது. அதன் மேல் 40 கிலோ. வலி தெரிந்தால் படியின் விளிம்பில் விரல்கள் கொஞ்சம் கீழ்நோக்கி வளையும்படி பிடித்தால் மடிப்பு குறையும். தண்டால் கட்டைகள் இருந்தால் இன்னும் நல்லது. மரத்தில் செய்த பழைய பிடிக்கட்டைகள் சிலம்பக் களரிகளில் இன்றும் கிடக்கின்றன.

தம்பிக்கு நான் எதிர்பார்க்காத ஒரு சங்கதி மூன்றாவது வாரம் தெரிந்தது. வலது கை ஒரு படி கீழே போகத் தயாராக இருந்தது. இடது கை நின்ற இடத்திலேயே நின்றது. ரப்பர் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக, ஒட்டுமரத்தில் சுமார் 30 பாகைச் சாய்வில் போகும் கோடு. வலக்கைக்காரன் ஒருவன் வருடக்கணக்காக, ஒரு காலையில் நூற்றுக்கணக்கான முறை, அதே கோட்டில் அதே கையால் கத்தியை இழுத்தால் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் உரமேறாமல் என்ன செய்யும்? இரு கைத் தண்டாலில் இது வெளியே தெரியவே தெரியாது. பலமான கை பலவீனமான கையின் பங்கையும் சேர்த்துச் சுமந்து மூடிவிடும். ஒற்றைக் கைப் பயிற்சி அந்த மறைவை எடுத்துவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே பால் வெட்டுகிறவர்கள், கொத்தனார்கள், மீன்பிடி வலை இழுப்பவர்கள் எல்லாரும் தரைவரை போகாவிட்டாலும் மூன்றாவது படி வரையாவது பழக வேண்டும் என்று விரும்புகிறேன். செய்ய வேண்டியது இது: ஒவ்வொரு சுற்றையும் பலவீனமான கையில் தொடங்க வேண்டும், பலமான கை அதைத் தாண்டி ஒன்றுகூட அதிகம் எடுக்கக் கூடாது. தம்பிக்கு இது கசந்தது. வலது கையை இரண்டாவது படியில் வைத்து நண்பர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை அவனுக்கு. காட்டுவதற்கு ஒருநாள் எடுத்துக்கொள், பயிற்சியில் இடது கைக்குத்தான் முதல் மரியாதை என்று சொல்லி வைத்தேன்.

ஒரு துணை வழியை விட்டுவிட்டேன். சைக்கிள் டியூபை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, மார்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு தரையில் ஒற்றைக் கை எடுப்பது. டியூப் இழுபட இழுபட அதிகம் தூக்கும். அதாவது மார்பு தரைக்கு அருகே இருக்கும் இடத்தில், நமக்கு மிகக் கடினமான அந்த இடத்தில், உதவி அதிகம் கிடைக்கிறது, மேலே வரக் குறைகிறது. படிக்கட்டில் முதல் படிவரை வந்து, தரைக்கு இறங்க முடியாமல் மாதக்கணக்கில் நிற்பவர்களுக்கு இது நல்ல பாலம். பழைய டியூபில் வெடிப்பு இருந்தால் அறுந்து முகத்தில் அடிக்கும், ஆகவே இரட்டையாகப் போட்டு, முடிச்சை ஒவ்வொரு நாளும் பார்த்துவிட்டு மாட்ட வேண்டும்.

இதே முடிவு எல்லாருக்கும் பொருந்துமா என்று கேட்டால், தொடங்கும் படி மட்டும் மாறும். 90 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மூன்றாவது படியிலேயே 37 கிலோ வந்துவிடும். அவர் சுவரில் கை வைத்துத் தொடங்கட்டும், எடையைக் குறைப்பதையும் சேர்த்துப் பார்க்கட்டும். என் அக்கா மகள் சிலம்பம் கற்கிறாள், வயது 17. அவள் சுவரிலிருந்து அடுக்களைத் திட்டுக்கு வந்து, இப்போது நாலாவது படியில் நிற்கிறாள். தம்பியைவிட அவள் இடுப்பு ஆடாமல் நிற்கிறது, கம்பு சுற்றிய பழக்கம். ஐம்பது தாண்டியவர்களுக்கும் வழி மூடவில்லை. ஹாலிவுட் நடிகர் ஜாக் பேலன்ஸ் 1992 இல் ஆஸ்கர் விருது வாங்கிய மேடையிலேயே, 73 வயதில், கீழே இறங்கி ஒற்றைக் கைத் தண்டால் எடுத்துக் காட்டினார். அந்த வயதில் அது முடிந்ததென்றால் அதற்கு முன்னால் பல பத்தாண்டுப் பழக்கம் இருந்திருக்க வேண்டும். 1964 இல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நடந்த கராத்தே போட்டியில் புரூஸ் லீ இரண்டே விரல்களை ஊன்றி எடுத்தது இன்னொரு உச்சம். தம்பியின் நண்பர்கள் அந்தப் படத்தைக் காட்டித்தான் அவனுக்கு ஆசை மூட்டியிருக்கிறார்கள். விரலில் நிற்பது வேறொரு நீண்ட பயணம், அதை இதோடு கலக்கக் கூடாது. தோள் ஒருமுறை விலகியவர்கள், மணிக்கட்டு எலும்பு முறிந்து கூடியவர்கள் மட்டும் மூன்றாவது படிக்குக் கீழே போவதற்கு முன் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

தரையில் முதல் தண்டால் வர எவ்வளவு நாளாகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் அருகிலிருந்து பார்த்தவர்களில் மிக விரைந்தவருக்கு ஆறு மாதம், மற்றவர்களுக்கு ஓராண்டுக்குப் பக்கம். எனக்கு முழங்கை வலி போன பிறகு படியில் தொடங்கி பதினான்கு மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து இன்றுவரை முழங்கை ஒருநாளும் முனகவில்லை.

இப்போது பிப்ரவரி. ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் தளிர்க்கும் பருவம், வெட்டு நிறுத்தியிருக்கிறார்கள். தோட்டமெங்கும் வெயில் நேராகத் தரையில் விழுகிறது. தம்பிக்கு விடியலில் வேலை இல்லை, கை முழுவதும் பயிற்சிக்குக் கிடைக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனபோது, எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க எடுக்கச் சொன்னதில், இரண்டாவது படியில் வலது கை ஐந்து எடுக்க, இடது கை அதே படியில் நாலு எடுத்து நின்றது. இடுப்பு இரண்டிலும் ஆடவில்லை. இந்த ஓய்வு முடிந்து கத்தி மறுபடி கைக்கு வருவதற்குள் இடது கையை ஐந்துக்குக் கொண்டுவந்து, இரண்டையும் ஒன்றாக ஒன்றரைப் படிக்கு இறக்கிவிடலாம் என்று பேசியிருக்கிறோம். அதற்கான இரண்டு செங்கல்லைச் சித்தி கழுவி முற்றத்தில் காயவைத்திருக்கிறார்.